ஹரிதாஸுக்குப் பிறகு

திரைக்கலை படித்து முடித்திருக்கும் உங்கள்முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். விழுந்த கலைஞரை மறுபடி எழுப்புவது எது? திறமையும் மனஉறுதியும் என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். அது பாதிப் பதில்தான். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அதில் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர், சிரிக்கவைத்தவர் என்.எஸ். கிருஷ்ணன். படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இருவரும் கைதானார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். வயதிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பாகவதருக்கு 'ராஜமுக்தி', 'அமரகவி' என்று வந்த படங்கள் எதுவும் பழைய இடத்தைத் தரவில்லை. கிருஷ்ணனோ 'நல்லதம்பி'யில் நாயகனானார். 'மணமகள்', 'பணம்' படங்களை இயக்கினார்.

பாகவதரின் குரல் கெட்டுவிட்டதா என்றால், இல்லை. 'ராஜமுக்தி' பாடல்களைக் கேட்டாலே தெரியும். மாறியது படம். அவருடைய முதல் படமான 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள். கதை என்பது அவர் பாடுவதற்கு ஒரு சாக்கு. அவர் வெளியே வந்தபோது தமிழ்ப் படம் வசனத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஐந்தே ஆண்டில் 'பராசக்தி' வந்துவிட்டது. தவிர, அவருடைய கலை முழுவதும் அவருடைய தொண்டையில் இருந்தது. அவர் உள்ளே இருந்தபோது அதை வெளியே நடத்த யாராலும் முடியாது. கிருஷ்ணனின் கலை அப்படிப்பட்டதல்ல. அது ஒரு நாடக சபை. அவர் சிறையிலிருந்தபோது மனைவி டி.ஏ. மதுரமும் நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமமும் அதை நடத்தினார்கள். வழக்குச் செலவுக்காக 'பைத்தியக்காரன்' படமெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவருக்கு அதிலேயே வேடமும் இருந்தது. சபைக்குள் பிணக்கு வராமல் இல்லை. பிரிந்துபோன கே.ஆர். ராமசாமி தொடங்கிய சபைக்கு வைத்த பெயரும் 'கிருஷ்ணன் நாடக சபா'தான்! அந்தச் சபைக்காக 'வேலைக்காரி', 'ஓர் இரவு' நாடகங்களை எழுதிய அண்ணாதுரையே, பிறகு 'நல்லதம்பி'க்கும் எழுதினார். கிருஷ்ணன் இல்லாத நாட்களிலும் அவரைச் சுற்றி வேலை நடந்துகொண்டிருந்தது என்பதே என் வாதம். 'நல்லதம்பி'யில் வரும் கிந்தனார் காலட்சேபத்தைப் பாருங்கள். நந்தனார் சிதம்பரம் போகத் தவித்தார். கிந்தனுக்கோ படிப்பின்மேல் தவிப்பு. பழைய கதாகாலட்சேப வடிவம் அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் புதுக்காலத்துடையது. தனிப் பாடகர் ஒருவருக்கு இந்த மாற்றம் இவ்வளவு எளிதில் வாய்த்திருக்காது.

நகைச்சுவை நடிகருக்குச் சுமை குறைவு, படம் தோற்றாலும் பழி நாயகனுக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு நியாயம். காதல் நாயகனின் வயதை ரசிகன் எண்ணுவான், கோமாளியின் வயதை எண்ணமாட்டான். ஆனால் 'நல்லதம்பி'யின் சுமையை நாயகனாகவே கிருஷ்ணன் தூக்கினார். இன்னொரு மறுப்பு கனமானது: துணைக்கு ஆள் அமைவதும் அதிர்ஷ்டம்தானே? மதுரம் போன்ற ஒருவர் எல்லாருக்கும் கிடைப்பாரா? கிடைக்கமாட்டார்; மறுக்கவில்லை. ஆயினும் கிருஷ்ணன் சம்பாதித்ததைச் சுற்றியிருந்தவர்களுக்கு வாரிக் கொடுத்தவர். அவர் கைதானபோது அந்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அந்தக் கொடையாலேயே கடைசியில் அவர் கையில் பணம் தங்கவில்லை என்பதும் உண்மை. 1957இல், ஐம்பது நிறையுமுன்பே போய்விட்டார். அதே ஆண்டில் பாகவதர் 'புதுவாழ்வு' படத்தைத் தாமே இயக்கி வெளியிட்டார், அது ஓடவில்லை. அவரிடம் உறுதி குறைவாக இருந்தது என்று யாராவது சொன்னால், இந்த ஒரு படத்தைக் காட்டுவேன். வழக்கு முடிந்து பத்தாண்டு கழித்தும், நாற்பத்தேழு வயதில் அவர் முயன்றுகொண்டுதான் இருந்தார்.