இல்லத்திற் பழக்களிப் பானம்

பழத்தைக் கடித்து உண்பது ஒரு முறை. பிசைந்து களியாக்கிக் கொள்வது மற்றொரு முறை. இந்த இரண்டாவது முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, அதனைப் பாயிலே பரப்பி, வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்கிச் சேமித்து வைத்தவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். விளாம்பழத்தின் சதையைச் சர்க்கரையோடும் தேங்காய்ப்பாலோடும் கரைத்துப் பருகும் வழக்கம், தமிழர் சிங்களவர் என்ற வேறுபாடின்றி இலங்கையிற் பலருக்கும் உரியது. இன்று நகரத்துச் சிற்றுண்டிச்சாலைகளில் ‘ஸ்மூதி’ என்ற ஆங்கிலப் பெயரோடு விற்கப்படும் பானமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சாற்றை மாத்திரம் பிழிந்து எடுக்காமல், பழத்தின் சதை முழுவதையும் மையாக அரைத்து, பாலோ தயிரோ நீரோ சிறிது சேர்த்துப் பருகுவது அது. பனங்களி என்னும் சொல்லை ஒட்டி அதனைப் பழக்களிப் பானம் என்று அழைத்தல் பொருந்தும்.

இப்பானத்தை இல்லத்திலே செய்யும் முறையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வளவிலே பப்பாசிப்பழம் மரத்திலேயே கனிந்து காகத்துக்கு இரையாகிறது. கொய்யாப்பழம் உதிர்ந்து மண்ணிற் கிடக்கிறது. அதே வீட்டுப் பிள்ளை பாடசாலை விட்டு வரும் வழியிற் கடைக்குட் புகுந்து, நிறமூட்டிய இனிப்புப் பானப் போத்தலொன்றை வாங்கிக்கொண்டு வருகின்றது. இக்காட்சி நாட்டின் எப்பகுதியிலும் காணத்தக்கது. இதன் தீமையை உணர்ந்தே 2016 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், இனிப்புப் பானங்களின் போத்தல்களிலே சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்படவேண்டும் என்று இலங்கைச் சுகாதார அமைச்சு விதித்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி உள்ள பானத்துக்குச் சிவப்பு. 2 கிராம் முதல் 11 கிராம் வரை உள்ளதற்குச் செம்மஞ்சள். அதனினும் குறைந்ததற்குப் பச்சை. சிவப்பு அடையாளம் பெற்ற பானத்தில் 200 மில்லிலீற்றர் பருகும் பிள்ளை, 22 கிராமுக்கு மேற்பட்ட சீனியை, அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் அதிகமான சீனியை, ஒரே மூச்சில் உட்கொள்கிறது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி ஏறத்தாழ 50 கிராமுக்கு மேற்படலாகாது என்றும், 25 கிராமுக்குள் அடங்குமாயின் மேலும் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையினின்றும் பெறப்படுகிறது. பெரியவருக்கு மேலும் நன்று எனப்பட்ட ஒரு நாட் பங்கின் பெரும்பகுதி பிள்ளையின் ஒரு போத்தலிலேயே முடிந்துவிடுவதை இக்கணக்கு உணர்த்தும்.

அவ்வாறாயின், வீட்டிலே பழச்சாறு பிழிந்து கொடுத்தால் குறை தீர்ந்துவிடும் எனப் பலர் கருதுவர். இங்கேதான் கவனம் வேண்டும். நான்கு தோடம்பழங்களைப் பிழிந்து, சக்கையை எறிந்து, சாற்றுக்கு மூன்று கரண்டி சீனியும் இட்டுக் கொடுத்தால், கடைப் போத்தலுக்கும் வீட்டுக் குவளைக்கும் உள்ள தூரம் பெரிதும் குறைந்துபோகும். உலகச் சுகாதார நிறுவனமும், முழுப் பழத்திலுள்ள இனிப்பைக் குறைக்கவேண்டிய சீனியோடு சேர்க்கவில்லை. பிழிந்த சாற்றிலுள்ள இனிப்பையோ அதனோடு சேர்த்தே எண்ணுகிறது. பழத்தில் நாரும் சதையும் இனிப்பும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. அப்பிணைப்பினாலேயே பழத்தின் இனிப்பு உடலில் மெல்ல மெல்லச் சேர்கிறது. வயிறும் நிறைவை உணர்கிறது.

1977 ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாக விளக்கியது. நலமுள்ள பத்துப் பேருக்கு அப்பிள் பழம் மூன்று வகையாகக் கொடுக்கப்பட்டது: ஒரு முறை முழுப் பழமாக, ஒரு முறை மசித்த களியாக, ஒரு முறை வடித்த சாறாக. மூன்றிலும் மாவுச்சத்தும் இனிப்பும் சம அளவினவே. ஆயினும் முழுப் பழம் வயிற்றை மிகுதியும் நிறைவித்தது. சாறு மிகக் குறைவாகவே நிறைவித்தது. களி இரண்டுக்கும் இடைப்பட்டு நின்றது. முழுப் பழத்தை உண்பதிலும் பதினொரு மடங்கு விரைவாகச் சாற்றைப் பருகிவிட முடிந்தது. விரைந்து உட்செல்வது விரைந்து பசிக்கவும் செய்கிறது.

இவ்வாராய்ச்சியினின்றும் இல்லத்தவர் அறியவேண்டிய பாடம் எளிது. பல்லும் பசியும் உள்ளவர் பழத்தைக் கடித்து உண்பதே முதன்மையானது. அதற்கு அடுத்த படியில் நிற்பது சதை முழுவதும் சேர்ந்த களி. கடைசிப் படியில் நிற்பது வடித்த சாறு. ஆகவே பழக்களிப் பானத்தின் நன்மை, அது எவ்வளவுக்குப் பழமாகவே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சதையைக் கழித்தும், சீனியைக் கூட்டியும், நீரை மிகுத்தும் செய்தால் பெயர் மாத்திரமே எஞ்சும்.

எனினும் இப்பானத்துக்கென்றே தகுதியுடையோர் பலர் வீடுகளில் உளர். பல்லிழந்த முதியோர், காய்ச்சலினின்றும் எழுந்து வாய்க்கசப்போடு இருப்போர், காலையில் உணவு உண்ண நேரமின்றிப் பாடசாலைக்கு விரையும் பிள்ளைகள், பழம் என்றாலே முகத்தைத் திருப்பும் சிறுவர் ஆகிய இவர்களுக்கு ஒரு குவளை பழக்களி பேருதவியாகும். அன்றியும், பப்பாசிக்கும் மாம்பழத்துக்கும் மஞ்சள் நிறம் தரும் கரோட்டீன் என்னும் சத்து, பழத்தை மசிக்கும்போது எளிதில் வெளிப்படுகிறது. பாலிலும் தேங்காய்ப்பாலிலும் உள்ள கொழுப்போடு கூடும்போது உடலிற் செவ்வனே சேர்கிறது.

இனிச் செய்முறையை நோக்குவோம். முதலாவதாக வேண்டுவது நன்கு கனிந்த பழம். கனிந்த பழத்துக்குச் சீனி தேவைப்படுவதில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழமோ, தோல் மஞ்சளான பப்பாசியோ, புள்ளி விழுந்த இதரை வாழைப்பழமோ தன் இனிப்பைத் தானே கொண்டு வருகிறது. விளாம்பழத்தின் பருவத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஏறத்தாழ ஓர் அடி உயரத்திலிருந்து அதனைக் கடினமான தரையில் விழவிட்டால், முற்றாத காய் துள்ளும், முற்றியது துள்ளாது. அதன்பின் மணம் எழும்வரை சில நாள் வைத்து உடைக்கலாம்.

இரண்டாவதாக, புளிப்புப் பழத்தோடு இனிப்புப் பழம் ஒன்றைத் துணைசேர்த்தல் வேண்டும். கொடித்தோடை, அன்னாசி, தோடை என்பவை புளிப்பும் மணமும் தருவன; வாழை, மா, பப்பாசி என்பவை இனிப்பும் தடிப்பும் தருவன. இவ்விரு வகையிலும் ஒவ்வொன்று சேருமிடத்துச் சீனிக்கு வேலையில்லை. ஒரு சிட்டிகை உப்பும் சிறு துண்டு இஞ்சியும் இனிப்பை மேலும் எடுத்துக்காட்டும்.

மூன்றாவதாக, சேர்க்கும் நீர்மத்தின் தன்மையை அறிந்து சேர்த்தல் வேண்டும். மாவுக்கும் வாழைக்கும் ஆனைக்கொய்யாவுக்கும் பாலும் தயிரும் பொருந்தும். அன்னாசியைப் பாலோடு அரைத்து வைத்தால் அது கசக்கும். அப்பழத்திலுள்ள புரொமெலெயின் என்னும் நொதியம் பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். அன்னாசிக்கு இளநீரோ கொதித்தாறிய நீரோ தக்கது. புளிப்பு மிகுந்த பழங்கள் பாலைத் திரைத்துவிடும் என்பதும் நினைவில் இருத்தற்குரியது. எதனைச் சேர்ப்பினும் பழத்தின் அளவில் அரைப்பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. விளாம்பழம் போன்ற இறுகிய சதைக்கு மாத்திரம் சற்று அதிகம் வேண்டும்.

மின்சாரத்தால் இயங்கும் பிளெண்டர் உள்ள வீட்டில், முதலில் நீர்மத்தையும், பின்பு மெதுவான பழத்தையும், கடைசியிற் கடினமான துண்டுகளையும் இட்டு, பாத்திரத்தில் மூன்றில் இரு பங்குக்கு மேல் நிரப்பாது, விட்டு விட்டு அரைத்தல் வேண்டும். பொறி இல்லாத வீட்டாரும் கவலை கொள்ளவேண்டியதில்லை. வாழை, பப்பாசி, ஆனைக்கொய்யா என்பவை முட்கரண்டியால் மசித்து மத்தாற் கடைந்தாலே போதுமானவை. கொய்யாவையும் விளாம்பழத்தையும் கையாற் பிசைந்து, அகன்ற கண்ணுள்ள வடியில் இட்டுக் கரண்டியால் அழுத்தினால், விதை மேலே தங்கச் சதை கீழே இறங்கும். மெல்லிய துணியில் வடித்தல் கூடாது. நார் முழுவதும் துணியோடு போய்விடும். அன்னமுன்னா, சீத்தா முதலிய பழங்களின் விதைகள் நச்சுத்தன்மை உடையவை. அவற்றில் ஒன்றையேனும் விடாது நீக்கிய பின்னரே அப்பழங்களை அரைக்கலாம்.

எடுத்துக்காட்டாக மூன்று பானங்களைக் கூறலாம். இருவருக்குப் போதுமான மாம்பழப் பானத்துக்கு, 200 கிராம் மாம்பழச் சதையும் அரைக் குவளை புளிப்பில்லாத தயிரும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியும் போதும். பப்பாசிப் பானத்துக்கு, 150 கிராம் பப்பாசியும் சிறிய வாழைப்பழம் ஒன்றும் அரைத் தேசிக்காயின் புளியும் கால் குவளை தேங்காய்ப்பாலும் வேண்டும். தேசிக்காய்ப்புளி பப்பாசியின் மணத்தை மென்மையாக்குவதோடு, வாழைப்பழம் காற்றுப்பட்டுக் கறுப்பதையும் தாமதப்படுத்தும். விளாம்பழப் பானத்துக்கு, ஒரு பழத்தின் சதையை ஒரு குவளை கொதித்தாறிய நீரிற் கரைத்து வடியில் அழுத்தி எடுத்து, அரைக் குவளை தேங்காய்ப்பால் கலந்து, ஒரு தேக்கரண்டி பனங்கட்டித் தூளும் சிறிது உப்பும் சேர்த்தல் வேண்டும். இது ஒன்றே சிறிது இனிப்பு வேண்டி நிற்பது. குளிர்ச்சி விரும்புவோர், வாழைப்பழத்தைத் தோல் நீக்கி வெட்டி உறைகுளிரில் முன்னாளே வைத்திருந்து அரைத்தால், பனிக்கட்டி இடாமலே பானம் குளிர்ந்தும் தடித்தும் அமையும். பனிக்கட்டி இடுவதாயின் அது கொதித்தாறிய நீரிற் செய்ததாக இருத்தல் அவசியம்.

பனங்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் என்பவற்றை நீரிழிவு நோயாளரும் அச்சமின்றிக் கொள்ளலாம் என்ற எண்ணம் பலரிடம் ஊன்றியிருக்கிறது. அது தவறு. சுவையும் மணமும் வேறாயினும் அவை யாவும் இனிப்பின் குலத்தைச் சேர்ந்தவையே. இரத்தத்திற் சீனியை உயர்த்துவனவே. நீரிழிவு உடையோர், குவளை பழக்களியை விடக் கையளவு பழத்தை மென்று உண்பது மேல். எவ்வளவு என்பதை அவரவர் வைத்தியரே கூறவேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சிறிதேனும் கொடுத்தலாகாது.

சிறுநீரக நோயாளர் விடயத்தில் மேலும் எச்சரிக்கை தேவை. வாழைப்பழம், ஆனைக்கொய்யா, இளநீர் என்பவற்றிற் பொட்டாசியம் மிகுதி. பழுதுற்ற சிறுநீரகம் அதனை வெளியேற்ற மாட்டாது திணறும். காமரங்காயோ அவர்களுக்கு நஞ்சாகவே முடியும். விக்கல், மனக் குழப்பம், வலிப்பு என்பவற்றை விளைவித்து, உயிரையும் அது பறித்ததுண்டு. நலமுள்ளோரும் வெறுவயிற்றில் அதன் சாற்றை மிகுதியாகப் பருகிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. பழம் என்பதனாலேயே எதுவும் எவர்க்கும் எவ்வளவும் நன்று என்று கொள்ளுதல் பேதைமை.

அரைத்த பானத்தை அப்பொழுதே பருகிவிடுதல் சிறந்தது. காற்றுப்பட விற்றமின் சீ குறைகிறது, நிறம் மங்குகிறது, வெப்பத்திற் புளிப்பேறுகிறது. எஞ்சினால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே முடித்தல் வேண்டும். பழத்தையும் கத்தியையும் கையையும் முன்னரே கழுவுதலும், பிளெண்டரின் அலகுகளை உடனே கழுவி உலர்த்துதலும் மறக்கலாகாதவை. ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு சிறு குவளை, ஏறத்தாழ 150 மில்லிலீற்றர், போதுமானது. அதனை உறிஞ்சிக் குடிப்பதினும் கரண்டியால் எடுத்து மெல்லச் சுவைத்தல் நலம்.

இறுதியாக, இப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தல் விரும்பத்தக்கது. பத்து வயதுப் பிள்ளை வாழைப்பழத்தை மசிக்கவும், தேசிக்காய் பிழியவும், தயிர் கடையவும் வல்லது. தன் கையாற் செய்ததைப் பிள்ளை மனமுவந்து பருகும். தம்பிக்கும் தங்கைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். பாட்டிக்கு முதற் குவளையைக் கொண்டுபோய் வைக்கும். சீனி இடாமலே பழம் இனிக்கிறது என்பதை நாவினால் அறிந்த பிள்ளைக்கு, போத்தலிலுள்ள சிவப்பு அடையாளத்தின் பொருளைப் பிறர் விளக்கவேண்டிய தேவை குறையும். வளவிற் காகம் கொத்துவதற்கு முன்னரே பப்பாசிப்பழத்தைப் பறிக்கும் எண்ணமும் அப்பிள்ளைக்கே முதலில் வரும்.