துன்பத்தில் எழும் எளிய சொல்: விவிலிய மன்றாட்டுகளின் மொழி



மொழி வளர்ச்சிக்கென அமைந்த இப்பொழிவு வரிசையில் மன்றாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். மன்றாட்டு சமயத்தின்பாற்பட்டது என்பது உண்மை. ஆயினும் அது சொல்லால் ஆவது. சொல்லால் ஆன எதுவும் மொழி பயில்வோர்க்குப் புறம்பானது அன்று. இங்குக் கூடியிருக்கும் நாம் பல சமயத்தவர். எவரையும் ஒரு நம்பிக்கையின் பக்கம் அழைப்பது நம் நோக்கம் அன்று. பழைய நூல் ஒன்றில், துன்பத்தில் வீழ்ந்த மாந்தர் எவ்வாறு பேசினர் என்பதை அவர்தம் சொல்வழி நின்று காண்பதே நம் நோக்கம்.

துன்பத்தில் எழும் மன்றாட்டு எளிமையானது என்று பொதுவாகக் கூறுகிறோம். எளிமை என்பது எதில் உள்ளது? சொற்களின் எண்ணிக்கையிலா, நடையிலா, வேறொன்றிலா? இவ்வினாவை முன்வைத்துச் சில இடங்களைக் காண்போம்.

ஐந்து சொற்கள்

எண்ணாகமத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஒரு குடும்பப் பூசல் வருகிறது. மோசேயின் தமக்கை மிரியாம் தம்பிக்கு எதிராகப் பேசுகிறாள். பின்னர் அவள் உடலெங்கும் தோல்நோய் படர்கிறது. உடன் இருந்த ஆரோன் பதறி மோசேயிடம் நெடிதாக வேண்டுகிறான். மோசே இறைவனை நோக்கி எழுப்பும் மன்றாட்டோ எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்கள். முதற்சொல் இறைவனைக் குறிப்பது. நடுவில் நிற்பது, நலமாக்க வேண்டும் என்னும் வினை. இறுதிச் சொல் அவளைச் சுட்டுவது. எஞ்சிய இரண்டும் ஒரே சொல். கெஞ்சுதலை உணர்த்தும் சிறிய இடைச்சொல் அது. ஐந்தில் இரண்டு சொற்களைக் கெஞ்சுதலுக்கே செலவிட்ட தொடர் இது.

இத்தொடரில் இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் செய்த பிழை இதில் இல்லை. தம் பெருந்தன்மையும் இல்லை. நலமாக்குவதற்கான காரணம்கூட இல்லை. தமக்குத் தீங்கு பேசியவளுக்காக வேண்டும் ஒருவர் சொல்லக்கூடியவை எத்தனையோ. அவை யாவும் உதிர்ந்துவிட்டன.

இதனையொட்டி யூதரின் தல்மூத் நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. எலியேசர் என்னும் ஆசான் முன்னிலையில் ஒருவர் மன்றாட்டை மிக நீட்டினார். மாணவர்கள், இவர் இப்படி நீட்டுகிறாரே என்று முறையிட்டனர். மோசே நாற்பது நாள் மன்றாடியதைவிடவா நீட்டினார் என்று ஆசான் கேட்டார். பின்னொருமுறை வேறொருவர் மிகச் சுருக்கினார். மாணவர்கள் அதற்கும் முறையிட்டனர். மிரியாமுக்காக மோசே வேண்டியதைவிடவா சுருக்கினார் என்றார் ஆசான். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மன்றாட்டை மதிப்பிட வந்த மாணவர்களுக்கு அவர் கற்பித்த பாடம் தெளிவானது. எளிமை, நீளத்தைப் பற்றியது அன்று.

ஓசையற்ற உதடுகள்

சாமுவேலின் முதல் நூல் அன்னாள் என்னும் பெண்ணின் துயரத்தோடு தொடங்குகிறது. அவளுக்குப் பிள்ளையில்லை. கணவன் எல்க்கானாவின் மற்றொரு மனைவி பெனின்னாள் அதனைச் சொல்லிச் சொல்லியே அவளை வதைக்கிறாள். ஆண்டுதோறும் சீலோவிலுள்ள இறையில்லத்திற்குச் செல்லும்போதெல்லாம் இது நிகழ்கிறது. அன்னாள் அழுகிறாள், உண்ண மறுக்கிறாள். கணவன் அவள்மீது அன்புடையவன். பத்துப் பிள்ளைகளைவிடத் தான் அவளுக்கு மேலானவன் அல்லனா என்று தேற்றுகிறான். அன்புள்ள சொல்தான், ஆயினும் அதில் அவன் தன்னைப் பற்றியே பேசுகிறான்.

அவள் எழுந்து சென்று தனியே மன்றாடுகிறாள். உதடுகள் அசைகின்றன, ஓசை எழவில்லை. வாயிலில் அமர்ந்திருக்கும் குரு ஏலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குடித்திருக்கிறாள் என்று முடிவுசெய்து கடிந்துகொள்கிறார். மன்றாட்டைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர், தம் கண்ணெதிரே நிகழும் மன்றாட்டை அடையாளம் காணவில்லை. தாம் அறிந்த வடிவில் அது வராததே காரணம்.

அன்னாளின் மறுமொழி பணிவும் தெளிவும் உடையது. தான் மதுவை உட்கொள்ளவில்லை என்றும் தன் உள்ளத்தை இறைவன்முன் ஊற்றியதாகவும் அவள் விளக்குகிறாள். உள்ளே ஊற்றிக்கொண்டவள் என்று அவர் கருதினார். வெளியே ஊற்றியவள் என்று அவள் திருத்துகிறாள். ஏலியும் தம் பிழையில் நிலைத்துநிற்கவில்லை. உடனே வாழ்த்துரை கூறி அனுப்புகிறார். அவள் சென்று உண்கிறாள். அதன்பின் அவள் முகம் துயர்முகமாக இருக்கவில்லை என்று நூல் குறிக்கிறது. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, கருவுறவும் இல்லை. கேட்டது கிடைக்கும் முன்பே முகம் மாறிவிட்டது.

அடுத்த அதிகாரத்தில், பிள்ளை பிறந்து வளர்ந்தபின், இதே அன்னாள் உவமையும் முரண்தொடையும் நிறைந்த செறிவான பாட்டொன்றைப் பாடுகிறாள். ஆகவே அவளுக்கு மொழி வளம் இல்லாமல் இல்லை. துயரத்தில் வாய் அடைத்து நின்றவளும், மகிழ்வில் பாவலராய் நின்றவளும் ஒருத்தியே. பிற்கால யூத ஆசான்கள் மன்றாட்டின் முறைகள் பலவற்றை அவளிடமிருந்தே வகுத்தனர். உதடு அசைய வேண்டும், குரல் உயரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. குடித்தவள் என்று கடியப்பட்டவளின் செயல் வழிபாட்டுக்கு இலக்கணம் ஆயிற்று.

தன்மை, முன்னிலை, படர்க்கை

தமிழ் இலக்கணம் மூவிடங்களை வகுத்துள்ளது. விவிலிய மன்றாட்டுகளைப் படிக்க இந்த மூவிடப் பகுப்பே நமக்கு நல்ல துணையாகிறது.

யோபுவின் நூலைக் கருதுவோம். யோபு சொல் குறைந்தவர் அல்லர். அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார். இறைவனோடு வழக்காடவும் அஞ்சவில்லை. அவரைத் தேற்ற வந்த நண்பர் மூவர் இறைவனுக்குச் சார்பாகவே பேசுகின்றனர். இறைவனின் நீதியையும் ஆற்றலையும் அழகுறப் புகழ்கின்றனர். ஆயினும் நூலின் முடிவில், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே, நண்பர்கள் அல்லர் என்று இறைவன் தீர்ப்பளிக்கிறார். நண்பர்களின் உரைகளை மீண்டும் படித்தால் ஒன்று புலப்படும். அவர்கள் இறைவனைப் பற்றிப் பேசினர். ஒருமுறையேனும் இறைவனிடம் பேசவில்லை. அவர்கள் பேச்சில் இறைவன் படர்க்கை. யோபுவின் பேச்சில் படர்க்கை அடிக்கடி உடைந்து முன்னிலையாகிறது. அவருடைய கசப்பும் நேர்முகமானது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமை இதன் மற்றொரு பக்கம். பரிசேயன் ஒருவனும் வரி தண்டும் ஆயக்காரன் ஒருவனும் கோவிலில் மன்றாடுகின்றனர். பரிசேயன் இறைவனை விளித்தே தொடங்குகிறான். ஆனால் அதன்பின் வரும் வினைகளுக்கெல்லாம் எழுவாய் அவனே: நன்றி கூறுபவன் அவன், பிறரைப்போல் அல்லாதவன் அவன், நோன்பிருப்பவன் அவன், பத்தில் ஒரு பங்கு கொடுப்பவன் அவன். விளி முன்னிலை, உள்ளடக்கமோ முழுவதும் தன்மை. ஆயக்காரனோ தொலைவில் நின்று, கண்களை ஏறெடுக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொள்கிறான். அவனது ஒற்றைத் தொடரில் செயலுக்குரியவர் இறைவன். அவன் இரக்கத்தைப் பெறும் இடத்தில் நிற்கிறான்.

நம் கருத்து இதுதான்: மன்றாட்டின் எளிமையும் உண்மையும் முன்னிலையில் உள்ளன. துன்பம் அடைமொழிகளையும் விளக்கங்களையும் அகற்றிவிடுகிறது. இறுதிவரை எஞ்சுவது அழைத்தல்.

தமிழில் இதனை எழுதியோர்க்கு ஒரு சிக்கல் இருந்தது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் முன்னிலை ஒருமையில் மரியாதை வேறுபாடு இல்லை. மூலத்தில் இறைவனும் அடிமையும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றனர். தமிழிலோ நீ, நீர் என்னும் வேறுபாடு உண்டு. 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறிய சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தொடங்கித் தமிழ் விவிலியம் பலமுறை பெயர்க்கப்பட்டுள்ளது. 1871இல் வெளிவந்து சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்ற பவர் திருப்புதலில் இறைவனை ‘நீர்’, ‘தேவரீர்’ என்று அழைப்பதே வழக்கு. அதனால் ‘கேளும்’, ‘இரங்கும்’, ‘இரட்சியும்’ என்னும் வினை வடிவங்கள் மன்றாட்டின் அடையாளமாயின. பொதுவழக்கில் ‘கேளுங்கள்’ பரவிய பின்னரும், தமிழ்க் கிறித்தவர் வீடுகளில் நோயாளியின் படுக்கையருகே இன்றும் ஒலிப்பது ‘இரங்கும்’ என்பதே. பழைய இலக்கண வடிவம் ஒன்றைத் துன்பநேரம் காத்து வைத்திருக்கிறது.

நிரல் குலைந்த அதிகாரம்

துன்பம் எப்போதும் ஒழுங்கற்ற மொழியையே பேசும் என்று கொள்வதும் பிழை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். அவ்வழிவைப் பாடும் புலம்பல் நூலில் ஐந்து அதிகாரங்கள் உள்ளன. முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்கள் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக முதலில் கொண்டு அமைந்தவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். ஆத்திசூடி படித்த நமக்கு இவ்வமைப்பு புதியது அன்று. அங்கே அறத்தை நினைவில் இருத்த அகரவரிசை உதவியது. இங்கே கரைகாணாத் துயரத்திற்கு அது கரை கட்டியது.

ஐந்தாம் அதிகாரத்திலும் வசனங்கள் 22தாம். ஆனால் எழுத்து வரிசை இல்லை. வடிவம் வற்றிவிட, எண்ணிக்கை மட்டும் நிற்கிறது. நகரைப் படர்க்கையில் வைத்துப் புலம்பத் தொடங்கிய நூல், இங்கே முதல் வசனத்திலிருந்தே இறைவனை முன்னிலைப்படுத்துகிறது. பேசுவோரும் ‘நாங்கள்’ என்று திரண்டுவிடுகின்றனர். இந்நூல் ஆறுதலில் முடியவில்லை. இறைவன் முற்றிலும் கைவிட்டாரோ என்னும் அச்சத்தோடு நின்றுவிடுகிறது. யூதர் தம் வழிபாட்டில் இதனைப் படிக்கும்போது, இறுதி வசனத்தோடு நிறுத்தாமல் அதற்கு முந்திய வசனத்தை மீண்டும் ஓதி முடிப்பர். மூலத்தை அவர்கள் மாற்றவில்லை. அதைக் கேட்டு வீடு திரும்புவோரின் உள்ளத்தை மறக்கவும் இல்லை.

மும்முறை ஒரே வேண்டுதல்

இறுதியாகக் கெத்செமனே. கைது செய்யப்படும் இரவில் இயேசு அங்கே தனித்து மன்றாடுகிறார். உடன் விழித்திருக்கக் கேட்டுக்கொள்ளப்பட்ட சீடர்கள் உறங்கிவிடுகின்றனர். மாற்கு தம் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதியவர். ஆயினும் இவ்விடத்தில் இயேசுவின் தாய்மொழியான அரமேயச் சொல் ஒன்றை அப்படியே வைத்து, அதனருகே கிரேக்கப் பொருளைத் தருகிறார். அச்சொல் ‘அப்பா’. தமிழ்ச் சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது தற்செயலே, அது அரமேயம். மழலைகளுக்கு மட்டும் உரியதும் அன்று. வளர்ந்த பிள்ளைகளும் தந்தையை அவ்வாறே அழைத்தனர். கடுந்துயரில் தாய்மொழியே வாயில் எழும் என்பதை அந்த ஒரு சொல் காட்டுகிறது.

மூன்று முறை மன்றாடியும் அவர் புதிய சொல் எதையும் தேடவில்லை; மூன்றாம் முறையும் அதே வேண்டுதல் என்று மத்தேயு குறிக்கிறார். மிகுதியாகப் பேசினால் கேட்கப்படும் என்று எண்ணிச் சொற்களை அடுக்க வேண்டாம் எனக் கற்பித்தவரும் இவரே. இதில் முரண் இல்லை. கேட்பவரை வசப்படுத்தத் திரும்பக் கூறுவது ஒன்று. கூறுவதற்கு வேறொன்றும் இல்லாமையால் திரும்பக் கூறுவது மற்றொன்று. தம்மிடமிருந்து நீங்க வேண்டுமென அவர் கேட்ட துன்பம் நீங்கவில்லை என்பதையும் நற்செய்திகள் மறைக்கவில்லை. எளிய மன்றாட்டு வெற்றிக்கான உத்தி என்று இந்நூல் எங்கும் உறுதியளிக்கவில்லை.

நமக்குரிய பாடம்

ஆசிரியப் பெருமக்களே, நம் வகுப்பறைகளில் சொல்வளத்தை வளர்க்கிறோம். அது நம் கடமை. அதே வகுப்பறையில், வீட்டில் இழப்பொன்றைக் கண்டு வந்த மாணவர் கட்டுரைத் தாளில் இரண்டே வரி எழுதித் தரும் நாளும் வரும். அன்று நாம் ஏலியின் இருக்கையில் அமர்ந்திருப்போம். முதலில் ஏலி செய்த பிழையை நாமும் செய்யக்கூடும். பிறகு அவர் செய்ததுபோல், விளக்கத்தைக் கேட்டு, நம் தீர்ப்பைத் திருத்திக்கொண்டு, நல்வாழ்த்துக் கூறவும் நம்மால் இயலும். அம்மாணவரைப் பற்றிப் பிறரிடம் பேசுமுன் அவரிடம் பேசுவோம்.

மாணவச் செல்வங்களே, துன்ப நாளில் அழகிய சொற்கள் வரவில்லையே என்று நீங்கள் நாண வேண்டியதில்லை. இறைவனிடமோ, பெற்றோரிடமோ, நண்பரிடமோ, ஆசிரியரிடமோ ஒருவரை விளித்துச் சொல்லும் சிறுதொடர் போதும். மோசேக்கு ஐந்து சொற்கள் போதுமானவையாக இருந்தன. அன்னாளுக்கு ஓசையும் தேவைப்படவில்லை.