கோழியின் தீனிப்பை நோய்



கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கும் வீட்டிற்கு ஒன்று இறந்தாலும் பெரிய இழப்பேயாகும். கோழி சோர்ந்து நின்றால் வெள்ளைக் கழிச்சல் என்றெண்ணி, கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தை நீரில் கலந்துவிடுகிறோம். கழிச்சலுக்கு அம்மருந்து பயன்படாது, தடுப்பூசியே காவல். வந்திருப்பது ஈஸ்டு நோயாயின், அம்மருந்தே நோயை வளர்த்துவிடும்.

கேண்டிடா என்னும் ஈஸ்டு நலமுள்ள கோழியின் வயிற்றிலும் சிறிதளவு உண்டு. உடன் வாழும் நற்கிருமிகள் அதனை அடக்கிவைக்கின்றன. மருந்தால் அவை அழிந்தாலும், பூஞ்சணம் பிடித்த தீவனமோ அழுக்கு நீரோ உட்சென்றாலும் ஈஸ்டு பெருகித் தீனிப்பையைத் தாக்குகிறது.

இதனை அறிவது எங்ஙனம்? விடியற்காலையில் இரை வைக்குமுன், கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நலமுள்ள கோழிக்கு அது காலியாயிருக்கும். நோயுற்றதற்கோ தொளதொளவென்று நிறைந்திருக்கும், வாயில் புளித்த வாடை வீசும், உடல் மெலியும். இறந்த கோழியை மருத்துவர் அறுத்துப் பார்க்கையில், தீனிப்பையின் உட்புறம் தடித்து, துவாலைத் துணிபோல் வெளுத்திருக்கும்.

நோயுற்ற கோழியைப் பிரித்து வையுங்கள். தலைகீழாகப் பிடித்துப் பிழியாதீர்கள். புளித்த நீர் மூச்சுக்குழலில் புகுந்து உயிர் போகும். கால்நடை மருத்துவரிடம் காட்டினால் நிஸ்டாட்டின் தருவார். அல்லது மயில்துத்தத்தை 2 லிட்டர் நீருக்கு 1 கிராம் வீதம் கலந்து கொடுக்கச் சொல்வார். அளவு மிஞ்சினால் அது நஞ்சு. தகரப் பாத்திரம் உதவாது, மண்சட்டியே ஏற்றது.

நீர்ச்சட்டியை நாள்தோறும் கழுவுவோம். மழைக்காலத்தில் தீவனத்தை ஈரம் படாமல் காப்போம். நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுப்பதை விடுவோம்.