மரம் வளர்ந்தது யாரால?

ஃபிளைட் டிக்கெட் புக் பண்ணும்போது, "உங்க பயணத்தோட கார்பனை ஈடுகட்டணுமா?"ன்னு ஒரு கட்டம் வரும், பார்த்திருப்பீங்க. அந்த மாதிரிக் காசு போய்ச் சேருற இடங்கள்ல ஒண்ணு ஆஸ்திரேலியாவோட மேய்ச்சல் நிலம். இன்னைக்கு அதைப் பத்திப் பேசுவோம்.

குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களோட உள்பகுதி வறண்ட பூமி. அங்கே முல்கான்னு ஒரு மரம், நம்ம வேல மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். மழை பொய்ச்சா ஆடு மாடுகளுக்கு அதோட தழைதான் தீவனம். புல்டோசர் விட்டுச் சாய்ச்சுப் போடுவாங்க.

2013-ல அரசாங்கம் ஒரு வழி கொண்டுவந்துச்சு. மரத்தை அழிக்காதீங்க, மேய்ச்சலைக் குறைங்க. புதுசா நட வேண்டாம். மண்ணுல இருக்கிற விதையும் வேரும் தானா காடாகட்டும். இழுத்துக்கிற ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு கிரெடிட். பதிலுக்கு 25 இல்லேன்னா 100 வருஷம் அந்தக் காட்டைக் காப்பாத்தணும். மழையை மட்டுமே நம்பியிருந்த பண்ணைக்காரங்களுக்கு இது ரெண்டாவது வருமானம். நல்ல யோசனைதான்.

சிக்கல் எங்கே? கிரெடிட் எத்தனைன்னு ஒவ்வொரு மரமா அளந்து முடிவு பண்றதில்லை. கணினி மாதிரி கணக்குப் போட்டுச் சொல்லுது. அந்த ஊர்ல நல்ல மழை பெஞ்சா மரம் தழைக்கும், பஞ்சம் வந்தா காயும். அப்போ வளர்த்தது மழையா, மேய்ச்சலைக் குறைச்சவரா?

இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கிற குழுவுக்கே முன்னாடி தலைவரா இருந்த ஆண்ட்ரூ மெக்கின்டாஷ், 2022-ல இதை வெளிப்படையா விமர்சிச்சார். 2024-ல அவர் குழு 182 திட்டங்களை ஆராய்ஞ்சு, கிட்டத்தட்ட 80 சதவீதத்துல மரப் பரப்பு பெருசா கூடலை, இல்லேன்னா குறைஞ்சிருக்குன்னு சொல்லுச்சு. இயன் சப் தலைமையில நடந்த அரசு ஆய்வு, அடிப்படை அமைப்பு சரியாத்தான் இருக்குன்னு சொன்னது. இந்த முறையில புதுப் பதிவு 2023-ல நின்னுபோச்சு. பழைய திட்டங்கள் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இது ஏன் முக்கியம்? ஒரு கிரெடிட்டை வாங்கின கம்பெனி, அதைக் காட்டி ஒரு டன் புகையைக் கணக்குல கழிச்சுக்குது. அந்த மரம் எப்படியும் வளர்ந்திருக்கும்னா, புகை மட்டும்தான் மிச்சம்.

அதனால "காடு இருக்கா?"ன்னு கேட்டா மட்டும் பத்தாது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மழைதான் பெய்யுது. காசு வாங்காத பக்கத்து நிலத்தைவிட இங்கே எவ்வளவு கூட வளர்ந்திருக்கு? அடுத்த தடவை அந்தக் கட்டத்தை டிக் பண்றதுக்கு முன்னாடி, இந்தக் கேள்விக்குப் பதில் போட்டிருக்காங்களான்னு பாருங்க.