பட்டத்துக்குப் பிறகும் ஓடுங்கள்



நான் உடற்செயலியல் ஆசிரியன். அதற்கும் முன்னால் ஓட்டக்காரன். கல்லூரியில் 5000 மீட்டர் என் போட்டி. விடியுமுன் ஏரிக்கரைமேல் ஓடிவிட்டு, ஈரத் தலையோடு முதல் வகுப்பில் போய் உட்காருவேன். கடைசித் தேர்வு முடிந்ததும் உறவினர்கள் கேட்டார்கள்: "அதான் படிப்பு முடிஞ்சிருச்சே, இனி எதுக்கு ஓட்டம்?" இன்று பட்டம் பெறுபவர்களில், பல்கலைக்கழக ஜெர்சி போட்டு கிராஸ் கன்ட்ரி ஓடிய பிள்ளைகளும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரும். அதற்கான பதிலைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு உங்கள் 21 வயது மிகவும் இளம் வயது.

பவுலா ராட்கிளிஃப் 1992இல் உலக ஜூனியர் கிராஸ் கன்ட்ரி சாம்பியன். பிறகு இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து முதல் வகுப்பில் தேறினார். ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடற்செயலியலாளர் அவரை 1992 முதல் 2003 வரை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு அளந்துகொண்டே வந்தார். அந்த ஆய்வுக் கட்டுரையைப் பேசாமல் நான் ஓர் ஆண்டுகூட வகுப்பு நடத்தியதில்லை. உடல் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் அதே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஒரு செமஸ்டரில் வருகிற மாற்றமா இது? ஆண்டுக்கணக்காக ஓடி ஓடித்தான் ஓர் உடல் சிக்கனமாக ஓடப் பழகும். 2003இல் லண்டன் மாரத்தானை அவர் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்தபோது, பட்டம் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்களுக்கான அந்த உலக சாதனையை 2019 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

நம் நாட்டு அவினாஷ் சாப்ளேயைப் பாருங்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்து, சியாச்சின் பனியில் பணியாற்றிய பிறகுதான் போட்டி ஓட்டத்துக்கே வந்தார். உங்கள் வயதில் அவர், தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீப்பிள்சேஸைத் தொடங்கியிருக்கவில்லை. அந்த ஓட்டத்தில் 37 ஆண்டுகள் நிலைத்திருந்த தேசிய சாதனையை 2018இல் முறியடித்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8 நிமிடம் 11.20 விநாடி, தங்கம் போனது 0.05 விநாடியில். வருத்தம்தான், ஆனால் நான்கே ஆண்டுகளில் தன் நேரத்தில் 18 விநாடிக்கு மேல் குறைத்தவர் அவர்! இன்னும் தாமதமாக உச்சம் தொட்டவரும் உண்டு: பெய்ஜிங் ஒலிம்பிக் பெண்கள் மாரத்தானில் தங்கம் வென்றபோது ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு வயது 38.

வேலை தேடுங்கள், குடும்பத்தைத் தாங்குங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள். ஷூவை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை காலையில் ஒரு மணி நேரம் ஓடினால் வேலை கெட்டுவிடாது.

துணைவேந்தர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஓடுதளத்தை முன்னாள் மாணவர்களுக்கும் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓடக் கிடைப்பது அந்த நேரம்தான். சுற்றிலும் விளக்கும் போட்டுக் கொடுங்கள். இருட்டுக்குப் பயந்து நம் பெண்கள் யாரும் ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது.