எச்சரிக்கை யாருக்கு?

(பீளமேட்டில் பேசிய பேச்சின் சுருக்கம்)



விபூதி போட்டுக் காய்ச்சலை இறக்குவதாகச் சொல்லுகிறவனை ஏன், எப்படி என்று கேட்கும் நாம், மருந்துச் சீட்டைக் கண்டால் மட்டும் வாய்மூடி விடுகிறோம். இது பகுத்தறிவாகுமா?

2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி ஓர் எச்சரிக்கை விடுத்தார். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அதைப் புட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது உத்தரவு.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் ‘கோல்ட்ரிப்’ என்ற இருமல் மருந்தைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட மருந்து. மேலே சொன்ன இரண்டு சரக்கும் அதில் இருந்தன. தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது டைஎத்திலின் கிளைகால் என்னும் விஷம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே விஷந்தான்.

“விஷம் கலந்தது கம்பெனியின் குற்றம், டாக்டர் என்ன செய்வார்?” என்று சிலர் கேட்கலாம். விஷத்திற்குக் கம்பெனியே பொறுப்பு, ஆட்சேபணையில்லை. ஆனால் எச்சரிக்கையை மதித்திருந்தால், நான்கு வயது நிரம்பாத ஒரு குழந்தையின் வாய்க்குள்ளும் அது போயிருக்காதே!

ஏன் மதிக்கவில்லை? சர்க்கார் காகிதம் டில்லியிலிருந்து சிற்றூர் டாக்டரின் மேஜைக்கு வந்து சேருவதற்குள், மருந்துக் கம்பெனியின் ஆள் பத்துத் தடவை வந்து போய்விடுகிறான். எழுதிப் பழகிய கையும் எளிதில் மாறுவதில்லை. நம்மீதும் குற்றமுண்டு. “தானே சரியாய்ப் போகும், மருந்து வேண்டாம்” என்கிற டாக்டரைக் கெட்டிக்காரரல்ல என்று சொல்லி, புட்டி எழுதுகிறவரிடம் ஓடுகிறோம்.

2025 அக்டோபரில் மத்திய சுகாதார இலாகா, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மறுபடியும் அறிவித்தது. இந்தக் காகிதமும் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகையால் தோழர்களே, கேளுங்கள்! “அய்யா, இது எதற்கு? இந்த வயதுக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்பது அவமரியாதையல்ல. யோக்கியமான டாக்டர் சந்தோஷமாய்ப் பதில் சொல்லுவார். மருந்தால் கேடு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணுக்கு யாரும் தெரிவிக்கலாம். புட்டியில் அச்சிட்ட எழுத்து குழந்தையைக் காப்பாற்றாது. அதைப் படித்துக் கேள்வி கேட்கிற தாயும் தகப்பனுமே காப்பாற்ற முடியும் என்று கூறி முடித்துக்கொள்ளுகிறோம்.