பின்சட்டம்



எங்கள் வீட்டு புல்லட் 1972-ஆம் வருடத்து வண்டி. அப்பா வாங்கியது. அவருக்குப் பிறகு, கனகசெட்டிக்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் தார்ப்பாய் போர்த்தி வெகுநாள் நின்றிருந்தது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்குப் புதுச்சேரி எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. சனி, ஞாயிறு வந்தால் விதவிதமான பழைய வண்டிகள் வாசலைத் தாண்டிப் போகும். குட்டையான மட்கார்டு, ஒற்றை ஆள் சீட்டு, வெட்டிச் சுருக்கிய வால் பகுதி என்று அவை போகிற அழகைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அந்த ஆசையால் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். பழைய வண்டிக்குப் புது சீட்டு போட நினைக்கும் தம்பிகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் கொடுங்கள்.

முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கும் பின்சட்டம் எதற்காக இருக்கிறது என்று பார்ப்போம். ரொம்பப் பழைய மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சேஸிஸோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அடி முழுக்க முதுகுத்தண்டில்தான் விழும். அதனால்தான் அந்தக் கால சீட்டுக்கு அடியில் பெரிய சுருள் ஸ்பிரிங்குகள் இருந்தன. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1940-களின் கடைசியில் புல்லட்டுக்குப் பின்பக்கம், சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங் ஆர்மும் இரண்டு ஷாக் அப்சார்பரும் வைத்தது. அன்றைக்கு அது பெரிய துணிச்சல். நம் இராணுவத்துக்கு அந்த வண்டி பிடித்துப் போய் 800 வண்டிக்கு ஆர்டர் போனது. அதைத் தொடர்ந்து 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச்சில் புல்லட் நின்று போன பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. எங்கள் வண்டியும் அங்கே பிறந்ததுதான்.

ஸ்விங் ஆர்ம் வந்த பிறகு அடி போகும் வழி மாறிவிட்டது. சக்கரம் மேலே எழும்பினால் அந்த உதை ஷாக்கின் வழியாக ஏறி, அதன் மேல் போல்ட்டில் போய் முட்டும். அந்த போல்ட்டைத் தாங்குகிற குழாய்கள்தான் பின்சட்டம். ஓட்டுகிறவர் எடை, பின்னால் உட்காருகிறவர் எடை, சாலையின் ஒவ்வொரு பள்ளம், எல்லாம் அந்த இரண்டு போல்ட்டில் சந்திக்கின்றன. போல்ட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்கார்டையும் விளக்கையும் தாங்குவது. பலத்தைப் பொறுத்தவரை அதை மாற்றலாம். போல்ட்டுக்கு முன்னால் இருக்கும் குழாயில் மட்டும் கை வைக்கவே கூடாது.

எனக்கு இது தெரியவில்லை. ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். பின்பக்கத்தை அறுத்தார்கள், வளைத்த குழாயை முனைக்கு முனை வைத்துப் பற்றவைத்தார்கள், மேலே கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. நான்கு மாதம் கழித்து ஒருநாள் வண்டியைத் துடைக்கும்போது வெல்டிங் தடத்தை ஒட்டி, தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் கீறினால் நகம் சிக்கியது. உள்ளே இருந்து துரு கசிந்திருந்தது. குழாய் பாதிச் சுற்றுக்கு விரிசல் விட்டிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் காலாப்பட்டு மருத்துவமனைக்குப் போய்வந்திருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

விரிசல் ஏன் வெல்டிங்கில் விழாமல் அதன் ஓரத்தில் விழுகிறது என்று ஊரில் ஒரு வெல்டர் அண்ணன் எனக்கு விளக்கினார். பற்றவைக்கும்போது தடத்தை ஒட்டிய இரும்பு கடுமையாகக் காய்ந்து, சட்டென ஆறி, தன் இளக்கத்தை இழக்கிறது. கரண்ட் கூடிப்போனால் ஓரத்தில் பள்ளமும் விழும். புல்லட்டோ 346 சி.சி. ஒற்றை சிலிண்டர். அந்த அதிர்வு நாள் முழுக்க அந்தப் பள்ளத்தையே தட்டிக்கொண்டிருக்கும். அவர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து சட்டம் நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் மணி போலச் சத்தம், ஓரிடத்தில் மட்டும் மண்சட்டிச் சத்தம். கடலோர வீட்டில் நின்ற வண்டி அல்லவா, உப்புக்காற்று குழாய்க்கு உள்ளேயிருந்து அரித்திருந்தது. அறுத்த முனையை மூடாமல் விட்டதால் மழைத்தண்ணீரும் இறங்கியிருந்தது.

அவர் செய்ததைச் சொல்கிறேன். அரித்த துண்டை எடுத்துவிட்டு, பழைய குழாய்க்குள் இறுக்கமாகப் போகும் இன்னொரு சீம்லெஸ் பைப்பை இரண்டு பக்கமும் ஒரு விரல் நீளத்துக்கு உள்ளே செருகினார். வெளிக்குழாயில் துளை போட்டு, அந்தத் துளை வழியாக உள்குழாயையும் சேர்த்துப் பற்றவைத்தார். அதற்குப் பிறகுதான் சுற்றித் தடம் போட்டார், ஆர்கான் வெல்டிங்கில். எல்லாவற்றுக்கும் முன்பே பேட்டரியைக் கழற்றிவிட்டார். ஒரே பக்கம் ஓடாமல் இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் புள்ளி புள்ளியாக டாக் அடித்தார். ஒரே பக்கம் காய்ந்தால் சட்டம் கோணிக்கொள்ளும், பின்சக்கரம் நேராக ஓடாது. பழைய ஆங்கில வண்டிகளில் சில இடங்களில் குழாயை வார்ப்பு இரும்புக்குள் செருகிப் பித்தளையில் பற்றவைத்திருப்பார்கள் என்றும், அந்த இடத்தில் மின்வெல்டிங் ஒருநாளும் பிடிக்காது என்றும் சொன்னார்.

இன்னொன்றும் செய்தார். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் பலர் விட்டுவிடுவது. ஷாக் இரண்டிலும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தை அது ஏறக்கூடிய கடைசி உயரம்வரை தூக்கிப் பார்த்தார். டயர் புதிதாக வளைத்து வைத்த குழாயில் உரசியது! இரண்டு ஆள் ஏறி ஒரு வேகத்தடையில் விழுந்திருந்தால் டயர் அங்கே பிடித்திருக்கும். வளைவை இன்னும் மேலே ஏற்றினோம்.

பிறகு அவர் கேட்டார்: “தம்பி, சீட்டுக்காகச் சட்டத்தை ஏன் வெட்டினீங்க? சட்டத்துக்காக சீட்டைச் செஞ்சிருக்கலாமே?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டுக்கு அடித்தளம் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். எங்கள் ஊர் மீனவர் ஊர். கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று ஃபைபர் படகுதான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுக அது இன்னும் பெருகியது. படகில் ஓட்டை விழுந்தால் ஒட்டுபோடும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியின் சட்டத்தின் மேல் அலுமினிய டேப்பை ஒட்டி, மெழுகு தடவி, அதையே அச்சாக்கிக்கொண்டார். ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கினார். கடைசியில்தான் ஹார்டனர். கோபால்ட்டும் ஹார்டனரும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும், அதனால் இரண்டு டப்பாவையும் அறையின் இரண்டு மூலையில் வைத்திருந்தார். கண்ணாடியிழை மேட்டை விரித்து ரெசின் தடவி, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒட்டினார். காற்று சிக்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். குத்தக் குத்த அது கண்ணாடி போலத் தெளிந்தது. மூன்று அடுக்கு. மறுநாள் காலை உரித்தெடுத்தபோது என் வண்டியின் முதுகு அப்படியே அச்சாக வந்திருந்தது. அதன்மேல் ஃபோம், ரெக்சின். தொழிற்சாலை போட்ட போல்ட் துளைகளிலேயே அது உட்கார்ந்துகொண்டது.

இரும்புச் சட்டத்துக்கு இருப்பது போலவே எழுதிவைத்த சட்டத்துக்கும் இதில் இடம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம்வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இரண்டு ஆள் வண்டி என்று ஆர்.சி.யில் இருப்பதை ஒற்றை ஆள் சீட்டாக்குவதும் இதில் வரும். பின்னால் ஆள் உட்காரும் வண்டியில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, இம்மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. புடவை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக உட்காருகிற நாட்டுக்கு மிகத் தேவையான விதி இது. அழகுக்காக முதலில் கழற்றி எறியப்படுவதும் இந்த மூன்றுதான்.

2021-இல் இன்னொரு விதி வந்தது. 50 வருடம் தாண்டிய வண்டியை, சேஸிஸிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால், பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் அதை ஓட்டலாம், அன்றாடம் அல்ல. அப்பாவின் வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. ஆனால் சட்டத்தை நான் அறுத்துவிட்டேன். எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் அறுத்தது அறுத்ததுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

புது சீட்டு மாட்டிய அன்று பெரியவர் கடைசியாக ஒன்று கேட்டார்: “பின்னாடி யார் உட்காருவாங்க?” அம்மா என்றேன். “அப்போ நீளம் பத்தாது” என்று, ஃபோமை இன்னும் நான்கு விரல்கடை நீட்டி வெட்டச் சொன்னார். பழைய கைப்பிடியையும் சாரி கார்டையும் பரணிலிருந்து எடுத்துத் துரு தேய்த்து மாட்டினேன். அம்மா வந்தார். சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, “போலாம்ப்பா” என்றார்.